குதிக்கால் இரத்தமா, தொப்புள்கொடி இரத்தமா? திருகோணமலையில் பிள்ளை பெறும் வீட்டுக்கு எது சரி

பிள்ளை பிறந்து ஒரு நாள் கழிந்ததும் தாதி வந்து குதிக்காலின் ஓரத்தில் குத்தி, தடித்த தாளில் அச்சிட்ட வட்டங்களில் இரத்தத்தை ஊறவிட்டு எடுத்துப் போவார். "பச்சைப்பிள்ளையைப் போய் குத்துறாங்களே" என்று அம்மம்மாமார் மனம் பதறும். பிரசவ நேரத்திலேயே தொப்புள்கொடியிலிருந்து அந்த இரத்தத்தை எடுத்தால் பிள்ளைக்கு நோகாதே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சில நாடுகளில் அப்படியும் செய்கிறார்கள்.

தேடுவது எதை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறவியிலேயே தைரொயிட் சுரப்பி இல்லாமலோ போதாமலோ இருக்கும் குறை இது. ஏறக்குறைய 2000 முதல் 4000 பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். தாயின் ஹோர்மோன் கொஞ்சம் பிள்ளைக்குப் போயிருப்பதால் பிறந்தவுடன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு தெரிவதையும் நாம் வேறு மாதிரி வாசிக்கிறோம். "தங்கமான பிள்ளை, அழவே அழாது, படுத்தால் எழும்பாது" என்று மெச்சுவோம். உடம்பின் மஞ்சள் நிறம் பல நாள் கடந்தும் நிற்கும், மலம் இறுகும், அழுகை கரகரக்கும். அதற்குள் மூளை வளர்ச்சியில் திருப்பி எடுக்க முடியாத நாட்கள் போய்விடும். இரண்டு வாரத்துக்குள் தைரொயிட் ஹோர்மோன் குளிசை தொடங்கிவிட்டால் பிள்ளை பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும்.

சரி, தொப்புள்கொடி இரத்தத்துக்கு வருவோம். பிள்ளைக்கு வலி இல்லை, தாய் எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போனாலும் மாதிரி கையில் இருக்கும். ஆனால் அது பிரசவ அறையில் எல்லோருடைய கையும் தாயிலும் பிள்ளையிலும் இருக்கிற நிமிடம். கொடி போனால் போனதுதான், மறுபடி எடுக்க முடியாது. வரும் வழியில் வாகனத்திலேயே பிறந்த பிள்ளைக்கு இந்த வாய்ப்பே இல்லை. கஷ்டப்பட்ட பிரசவத்தில், தைரொயிட் போதாதபோது ஏறும் டீஎஸ்எச் என்ற ஹோர்மோனின் அளவு உயர்ந்து காட்டி, சுகமான பிள்ளையையும் சந்தேகப்பட வைக்கும். இன்னொரு குறையும் உண்டு. பால் குடித்த பிறகே இரத்தத்தில் சேரும் பொருட்களை வைத்துக் கண்டுபிடிக்கும் சில நோய்கள் கொடி இரத்தத்தில் தெரியாது.

குதிக்கால் முறைக்கு நேரம்தான் உயிர். பிறந்த அரை மணி நேரத்தில் பிள்ளையின் டீஎஸ்எச் அளவு ஒரேயடியாக ஏறி, பிறகு மெல்ல இறங்கும். அதனால் 24 மணி நேரத்துக்கு முன் குத்தினால் வீண் பயம்தான் மிஞ்சும். மூன்றாம், நாலாம் நாளில் எடுப்பது இன்னும் நல்லது. அப்படியானால் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஐந்தாம் நாளுக்குள் திரும்ப வரச் சொல்லலாமே?

ஏட்டில் நல்ல யோசனை. ஆனால் எங்கள் வீடுகளில் முப்பத்தொன்று கழியாமல் தாய் வாசல் தாண்டுவதை மூத்தவர்கள் விரும்பமாட்டார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நாற்பது நாள். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றவள் உடம்பு தேற, பத்தியக்கறியும் ஓய்வுமாக ஒரு வீடே அவளைத் தாங்கும் நாட்கள் அவை. தூரமும் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப்படகுக்குக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்று எவ்வளவோ மேல். இருந்தும் வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ தையல் காயத்தோடு ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதை நினைத்துப் பாருங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விடும் வீடுகள் நிச்சயம் இருக்கும்.

ஆகவே என் தெரிவு, 24 மணி நேரம் கழிந்து, டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் குதிக்காலில் எடுப்பது. இலங்கையில் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கி நாடெங்கும் விரிந்த திட்டமும் குதிக்கால் வழிதான். இரத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாலாம் நாள் வெல்லும். ஆனால் எடுக்கப்படாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை. ஒரேயொரு விலக்கு: மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு அளவு தாமதித்து ஏறலாம், இரண்டு வாரமளவில் மறுபடி பார்க்கக் கேளுங்கள்.

எந்த இரத்தம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, முடிவு எந்த வழியில் வீடு வந்து சேர்கிறது என்பது. ஈச்சிலம்பற்றையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு ஒரு வைத்தியசாலையில் நேரத்துக்கே இரத்தம் எடுத்தார்கள். அட்டையில் எழுதியது மச்சானின் இலக்கம். அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு கட்டாருக்குத் திரும்பியிருந்தார், இங்குள்ள சிம் அணைந்து கிடந்தது. வேறொரு இலக்கம் கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிவு கூடுதலாக வந்தும் நாட்கள் ஓடின. கடைசியில் பதினோராம் நாள், எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டரில் மணல் ஒழுங்கைக்குள் வீடு வீடாக விசாரித்து வந்தார். பதின்மூன்றாம் நாள் குளிசை தொடங்கியது. அந்த மிஸ்ஸை நினைக்காத நாள் எங்கள் வீட்டில் இல்லை.

மற்றப் பரிசோதனைகளையும் இதே கண்ணால் பார்க்கிறேன். வலது கையிலும் காலிலும் ஒக்சிசன் அளவு பார்த்து பாரதூரமான இருதயக் குறையைத் தேடுவதில் முடிவு கட்டிலடியிலேயே கிடைத்துவிடும், துரத்தத் தேவையில்லை. காது கேட்கும் பரிசோதனை அப்படியல்ல. காதுக்குள் சிறு குழாய் வைத்துச் செய்வது சில நிமிட வேலை. ஆனால் முதல் நாளில் காதில் தங்கிய நீர் காரணமாகவே பல பிள்ளைகள் "மறுபடி வாருங்கள்" பட்டியலில் சேர்வார்கள். தலையில் வயர் ஒட்டி நரம்பு வழியைப் பார்ப்பது மெதுவானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கும் கடும் மஞ்சள் வந்த பிள்ளைக்கும் அதுதான் வேண்டும், குழாய் முறை நரம்புக் குறையைத் தவறவிடும். ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு.

பணம் கட்டி ஒரே துளியில் பல பத்து நோய்களைப் பார்க்கும் விரிவான பரிசோதனை எல்லோருக்கும் அவசியமில்லை. ஆனால் சொந்த மச்சான் மச்சாள் கட்டிய வீட்டிலோ, முன்பு ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் தவறிய வீட்டிலோ, பிரசவத்துக்கு முன்பே பிள்ளை டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கடன் பட்டாவது செய்யத் தகுந்த இடம் அது.

தங்கை வீட்டில் குளிசை இன்றும் காலையில் முதல் வேலை. சிறுவயதில் கரண்டியில் நசுக்கித் தாய்ப்பாலில் கரைத்து உடனே கொடுத்தாள், முன்கூட்டிக் கரைத்து வைக்கவில்லை, இரும்புச்சத்துத் துளியை அதோடு சேர்க்கவில்லை. மருமகனுக்கு இப்போது நாலு வயது, வாய் ஓயாது. அவனுக்குப் பின் பிறந்த தங்கச்சியின் அட்டையில் மூன்று இலக்கங்கள் எழுதினோம்: தாயினது, அம்மம்மாவினது, பக்கத்துக் கடைக்காரருடையது.