அம்மா பாடிய மைக்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடையில் 400 ரூபாய் கொடுத்து என் மைக்கைச் சரிசெய்து வாங்கி வந்தேன். அன்று ராத்திரியே நண்பன் போன் செய்தான். தங்கச்சி வளைகாப்புக்கு அவன் அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்களாம். அதைப் பதிவு செய்து, விழா அன்று போட்டுக் காட்டவேண்டும். "நீ வச்சிருக்கிற மைக்கையே வாங்கிடவா? இப்போ விலை வேற குறைஞ்சிருக்கு" என்றான். போனில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. எழுதியே விடுகிறேன்.

கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் கண்டென்சர் மைக். முன்னால் வரும் சத்தத்தை அதிகம் எடுக்கும், பின்னால் வருவதை ஒதுக்கும். இந்த விலையில் வரும் மைக்குகளில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கிறது. 2022 மார்ச்சில் 5,800 ரூபாய்க்கு வாங்கினேன், இப்போது 4,200. குரலை அது எடுக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதன் அடியில் இருக்கும் ஹெட்போன் ஜாக்கைப் பற்றித்தான்.

அந்த வருடம் மே மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அம்மா யாருக்கும் தெரியாமல் ஒரு நோட்டில் எட்டு வரி எழுதி, ஆனந்த பைரவியில் மெட்டும் போட்டு வைத்திருந்தார். நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ராகம் தானாக வரும். ஆனால் சபையில் பாட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சரி, பதிவு செய்து போடலாம் என்று முதலில் என் போனிலேயே எடுத்தேன். போட்டுக் காட்டியதும் அம்மா முகம் மாறிவிட்டது. "இது யார் குரல்? நான் இப்படியா பாடறேன்?" என்று நோட்டை மூடி வைத்துவிட்டார். நம் குரல் நமக்குக் காது வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறது. அதனால்தான் பதிவில் கேட்கும்போது மெலிந்து, யாரோ போலத் தெரிகிறது. இதை எவ்வளவு விளக்கியும் அம்மா சமாதானம் ஆகவில்லை.

இந்த மைக்கைக் கொண்டுபோய் ஹெட்போனை அதிலேயே மாட்டி அம்மா காதில் வைத்தேன். "ஒண்ணும் ரெக்கார்ட் பண்ணலம்மா, சும்மா பேசுங்க" என்றேன். பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல ஹம் செய்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாக அம்மா பாடினால் அடுக்களையிலிருந்து வாசலுக்குக் கூப்பிடுகிற சத்தத்தில் பாடுவார். அன்று முதல் முறையாகக் குரலை இறக்கி, ஒரு கமகத்தை, அந்தச் சுர அசைவை, மூன்று தடவை திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். தன் குரலைப் பாடும்போதே காதோரத்தில் கேட்டதும், அது யாரோ ஒருத்தர் குரலாக இல்லாமல் போய்விட்டது.

மல்லிப்பூ மறந்துவந்த நாளெல்லாம் மறந்துபோச்சு
காய்ச்சலுக்குக் கஞ்சிவெச்ச ராத்திரிதான் நெனப்பிருக்கு

இந்த இரண்டு வரி வந்த இடத்தில் நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது. மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் சின்னச் சின்ன அளவீடு) என்ற கணக்கில், 1,024 சாம்பிள் சேர்த்து அனுப்பும்படி வைத்திருந்தால் ஒரு வழிக்கு 23 மில்லிசெகண்ட், போக வர 46. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பாடுகிறவருக்கு யாரோ பின்னாலிருந்து தன்னையே சொல்லிக்காட்டுவது போல இருக்கும், தாளம் இழுத்துக்கொண்டே போகும். மைக்கிலேயே ஜாக் இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஜாக்கைத்தான் அந்தக் கம்பெனி மெல்லிய சர்க்யூட் பலகையில், எந்தப் பிடிமானமும் இல்லாமல், வெறும் ஈயத்தில் நிற்கவைத்திருக்கிறது. இரண்டாம் வருடம் இடது காது போனது. ஒயரைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் வரும். மூன்றாம் வருடம் அக்கா மகள் காதுகுத்துக்குப் பாட்டு எடுக்கும்போது, அத்தை பாட, நான் பக்கத்தில் மண்டியிட்டு ஒயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வராது சார், புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். ஜாக்கின் விலை பத்து இருபது ரூபாய்தான் இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் பழையதைப் பிடுங்கி, புதியதை வைத்துப் பற்றவைத்து, அடியில் கொஞ்சம் பசையும் ஊற்றி இருபது நிமிடத்தில் கொடுத்தார். அவரால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. நான்கு வருடத்தில் மைக்கின் உள்பாகம் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. ஃபேன் சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் விழுகிறது என்று இதைத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது மைக்கின் தப்பில்லை, கண்டென்சர் என்றாலே எல்லாவற்றையும் கேட்கும். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அம்மா ஒவ்வொரு முறை பாடி முடித்ததும் ஐந்து நிமிடம் ஃபேன், அப்புறம் மறுபடி. பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, புடவை அடுக்குக்கு முதுகைக் காட்டி அம்மாவை உட்கார வைத்தேன். மைக்கின் பின்பக்கம் அடுக்களைப் பக்கம் பார்த்தது. மொசைக் தரையும் மொட்டைச் சுவரும் கொடுக்கிற எதிரொலியைப் புடவைகளே குடித்துவிட்டன. பாட்டுக்கு முன்னால் பத்து நொடி வெறும் அறையைப் பதிவு செய்துகொண்டால், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதைக் காட்டி மிச்ச இரைச்சலைக் கழிக்கலாம். கொஞ்சமாகக் கழித்தால் போதும், அதிகம் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

இன்னொன்று, இதற்கும் மைக்குக்கும் சம்பந்தமில்லை. அம்மா சின்ன வயதில் பாட்டுக் கற்றபோது 5 கட்டை சுருதியில் பாடியவர். அதையே வைத்து ஒரு மத்தியானம் முழுக்க மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது. தம்புரா ஆப்பில் 4 கட்டைக்கு இறக்கியதும் "இதான், இதான்" என்றார். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

திருக்கடையூரிலிருந்து திரும்பி, சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் போட்டோம். அப்பா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். கஞ்சி வரி வந்தபோது துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து வெகுநேரம் எடுக்கவே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பா, நீ இதை வாங்காதே. 4,200 ரூபாய்க்கும் வேண்டாம். உடைகிற ஜாக்கை வைத்து விற்றுவிட்டு, உடைந்தால் புதுசு வாங்கு என்கிறவர்களுக்கு என்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பிவைக்க முடியாது. சனிக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துக்கொண்டு போ. ஹெட்போனும் தருகிறேன். இரண்டு பேர் பாடுவதால் ஒயரைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒன்று வேண்டும், அதை மட்டும் நீ வாங்கிக்கொள். சித்தியின் சுருதி என்ன என்று வெள்ளிக்கிழமையே கேட்டு வை.