சீர்செய்ய அனுப்பிய கார் மாடல்: திரும்பி வந்தது வேறு பாடி

பழைய அமெரிக்கக் கார் மாடல் கிட்களை (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் சின்ன பிளாஸ்டிக் கார்கள்) சேர்ப்பவர்கள், முக்கியமாக யாரோ எப்போதோ ஒட்டிவைத்த மாடலைப் புதுப்பிக்கச் சொல்லி வெளியாளிடம் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெயின்ட் சரியில்லை, சொன்ன தேதிக்கு வரவில்லை என்ற வழக்கமான புகார் இல்லை இது. நான் அனுப்பிய காரின் பாடி எனக்குத் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பதிலாக ரெசினில் (திரவமாக அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) வார்த்த ஒரு நகல் வந்தது, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து.

கார், 1962 ப்யூக் எலெக்ட்ரா 225. ஏ.எம்.டி. கம்பெனி 1/25 அளவில் போட்ட கிட். மிச்சிகனில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சிறுவனாக இருந்தபோது ஒட்டியது. ஃபிளின்ட் ஊர்க்காரர், அப்பா அங்கே ப்யூக் ஆலையில் வேலை பார்த்தவர். வீட்டைக் காலி செய்யும்போது, "உனக்குத்தான் இதில் பைத்தியம், நீயே வைத்துக்கொள்" என்று ஒரு ஷூ பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்து டியூப் பசையை அள்ளிப் பூசி ஒட்டியிருந்தார். முன் கண்ணாடியில் பசைக் கைரேகை அப்படியே உறைந்திருந்தது. மேலே பிரஷ்ஷால் அடித்த சிவப்பு பெயின்ட், தடித் தடியாக. இந்த மாதிரி மாடலை இங்கே 'க்ளூ பாம்' என்பார்கள். பார்க்க அவலட்சணம், ஆனால் உள்ளே இருக்கும் பாடி முழுசாக இருந்தால் அதுதான் சொத்து.

ஏன் சொத்து என்பதைச் சொன்னால்தான், புதுப்பிக்க வாங்கியவர் அதை ஏன் திருடினார் என்பது புரியும்.

ஏ.எம்.டி. 1958-ல் '3-இன்-1' கிட்களை விட ஆரம்பித்தது. ஒரே பெட்டியில் உள்ள பாகங்களை வைத்து ஷோரூம் கார், கஸ்டம் கார், ரேஸ் கார் மூன்றில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். கார் டீலர்கள் விளம்பரத்துக்காகக் கொடுத்து வந்த புரொமோ மாடல்களோடு ஒட்டிப் பிறந்த கிட்கள் இவை. டெட்ராய்ட்டில் வருடா வருடம் காரின் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்த காலம் அது. மாடல் கம்பெனியும் கூடவே ஓட வேண்டும். உருக்கில் புது அச்சு வெட்டப் பெரும் பணம் ஆகும் என்பதால், முடிந்த இடத்திலெல்லாம் போன வருட அச்சிலேயே கிரில், விளக்கு, பின்பக்கம் என்று திருத்தி, இந்த வருடக் காராக ஆக்கிவிடுவார்கள். அப்படித் திருத்திய அச்சைப் பழையபடி ஆக்குவது லேசில் முடியாது. அதனால் அறுபதுகளின் வருடாந்திரக் கிட்கள் பல, வந்த வருடத்தோடு போனவைதான். இன்று ஏ.எம்.டி. பெயரை வைத்திருக்கும் ரவுண்ட் 2, இருக்கிற அச்சுகளில் பழைய கிட்களை மறுபடி போடுகிறது. சிலவற்றுக்குப் புதிதாகவே அச்சு வெட்டியிருக்கிறது. இதுபோன்ற எலெக்ட்ராக்களுக்குப் பழைய சந்தைதான் கதி. பிரிக்காத பெட்டிக்கு விலை எக்கச்சக்கம் என்பதால், பெரும்பாலானவர்கள் ஒட்டிய மாடலை வாங்கி, பெயின்டை உரித்து, பிரித்து, மறுபடி கட்டுகிறார்கள்.

உரிப்பதும் பெயின்ட் அடிப்பதும் எனக்கு வரும். குரோம்தான் வீட்டில் முடியாத வேலை. பம்பர், கிரில், வீல் கவர் எல்லாவற்றிலும் உள்ள குரோம், வெற்றிடத் தொட்டியில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது. அதைச் செய்து தருவதாக ஒருவர், ஒரு மாடல் கண்காட்சியில் மேசை போட்டிருந்தார். வேறு மாநிலத்துக்காரர். மேசையில் இருந்த கார்கள் உண்மையிலேயே அருமையாக இருந்தன (அவர் செய்தவைதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது). முழு காரையும் கொடுங்கள், பிரித்து உரித்துக் குரோம் போட்டுப் பெயின்ட் அடித்தே தருகிறேன் என்றார். மொத்தம் 380 டாலர். பாதியை அங்கேயே ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

ரசீது கேட்டேன். "இந்தப் பொழுதுபோக்கில் யாரும் ரசீது கேட்பதில்லை" என்று சிரித்தார். இந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். மீதிப் பணத்தைப் பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாக அனுப்பச் சொன்னார், கமிஷன் மிச்சமாம். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்குப் பேபால் எந்தப் பாதுகாப்பும் தராது. சுமார் 3 சதவீதக் கமிஷனை நானே போட்டு, பொருளுக்கான கட்டணம் என்றுதான் அனுப்பினேன். மனிதருக்கு அது பிடிக்கவில்லை. பதில்கள் அன்றிலிருந்தே சுருங்கின.

பார்சல் வந்தபோது முதல் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல நீலம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. அப்புறம் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

ப்யூக் என்றால் முன் ஃபெண்டரில் இருக்கும் ஓட்டைகள் ஞாபகம் வரும். எலெக்ட்ராவுக்குப் பக்கத்துக்கு நான்கு. பெரியவரின் காரில் அத்தனை பெயின்டுக்கு அடியிலும் அந்த நான்கின் விளிம்பும் கூர்மையாகத் தெரிந்தன. வந்த காரில் நான்கும் மழுங்கியிருந்தன. ஒன்றின் விளிம்பு பெயின்டில் கரைந்தே போயிருந்தது. காரின் பெயர் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். சோப்பில் அச்செடுத்து வெட்டிய கள்ளச்சாவி போல, மொத்த வடிவம் சரி, நுணுக்கம் போச்சு. பின் சக்கர வளைவின் உள் மூலையில் ஊசிமுனை அளவில் குழிகள். ரெசினில் காற்றுக் குமிழி தங்கினால் வருவது அது. ஆலையில் அழுத்தத்தில் வார்த்த பாலிஸ்டைரீனில் (கிட்களின் வழக்கமான பிளாஸ்டிக்) அப்படி வராது.

புரட்டிப் பார்த்தேன். பாடியின் உட்புறம் முழுக்கக் கறுப்பு பெயின்ட். உள்ளே கறுப்பு அடிக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. என்னுடையது உள்ளே வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக். அதில், கூரைக்கு உள்பக்கம், பெரியவர் சிறுவனாக இருந்தபோது சூடான ஊசியால் ஒரு நட்சத்திரமும் 'ஜே' எழுத்தும் '62' என்றும் கீறியிருந்தார். அனுப்பும் முன் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. வந்த காரின் கூரையில் கீறலே இல்லை. பெயின்ட் உரிக்கும் திரவம் எதுவானாலும் பெயின்டைத்தான் எடுக்கும்; பிளாஸ்டிக்கில் ஆழமாக உருகிய கீறலை ஆற்றிவிடாது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. வெளியே தெரியாத உள் இடத்தில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி, பிளாஸ்டிக் ஒட்டும் தண்ணீர்ப் பசை (டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது) ஒரு சொட்டு வையுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் அந்த இடம் இளகும், நகத்தை வைத்தால் ஒட்டும். பாலியூரிதேன் ரெசின் என்றால் பசை காய்ந்து போகும், வேறு ஒன்றும் ஆகாது. சுரண்டிய இடத்திலேயே வெளிர் மஞ்சள் நிறம் தெரிந்தது எனக்கு. பசையும் வைத்துப் பார்த்தேன். இளகவில்லை.

ரெசின் என்றாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். அசல் பாகத்தின் மேல் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் ரெசின் வார்த்து, 'ரெசின்' என்று சொல்லியே விற்கும் நேர்மையான ஆட்கள் உண்டு. கிடைக்காத கார்களைக் கட்ட முடிவதே பல நேரம் அவர்களால்தான். நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் ரெசின் ஆறும்போது சற்றுச் சுருங்கும். நகலிலிருந்து மறுபடி நகல் எடுத்தால் இன்னும் சுருங்கும். அதனால் அசல் அடித்தட்டு அதில் சரியாக உட்காராது. என் காரின் அடித்தட்டை எடுத்துப் பார்த்தால், இரண்டு ஓரமும் புதிதாக அரம் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்தன. அந்தத் தட்டு மட்டும் என்னுடையதுதான். அதையும் கெடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

குரோம் கதையும் அதே லட்சணம்தான். பம்பரை விரலால் தேய்த்தேன், விரல் நுனி சாம்பல் நிறமானது. ஸ்பிரே டப்பாவில் வரும் குரோம் பெயின்ட். வெற்றிடத்தில் போட்ட குரோம் அப்படிக் கையோடு வராது. முன் கண்ணாடியின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் இப்படிப் படியும். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எழுதிக் கேட்டேன். முதல் பதில்: அதே பாடிதான், உங்களுக்குக் கண் சரியில்லை. படத்தையும் பசைச் சோதனையையும் அனுப்பினேன். இரண்டாவது பதில்: உரிக்கும்போது பழைய பாடி கரைந்துவிட்டது, உங்கள் நன்மைக்காகத்தான் மாற்றிப் போட்டேன், பழையதைக் குப்பையில் போட்டுவிட்டேன். எந்தத் திரவம் என்று கேட்டேன். கடையில் விற்கும் ஊதா நிறக் கிளீனர் என்றார். அது காரம் கலந்த கிளீனர். பாலிஸ்டைரீனை ஒன்றும் செய்யாது, அதனால்தான் பாதி உலகம் அதைப் பயன்படுத்துகிறது. அசிட்டோனோ லாக்கர் தின்னரோ போட்டிருந்தால் கரையும். மாடல் புதுப்பிப்பதைத் தொழிலாகச் செய்கிறவர் அதைப் போட மாட்டார்.

பழைய சக்கரங்கள் எங்கே என்றதற்கு, டயர் அவற்றைத் தின்றுவிட்டது என்றார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. அந்தக் காலத்து வினைல் டயர்களில் உள்ள எண்ணெய் போன்ற பொருள் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை உருக்கும். என் காரிலும் இரண்டு சக்கரம் அப்படித்தான் இருந்தன. மற்ற இரண்டும் நன்றாக இருந்ததற்குப் படம் இருக்கிறது. தெரிந்த ஒரு குறையைச் சொல்லி அதன் மறைவில் நல்ல பாகத்தையும் எடுத்துக்கொள்வது இவர்கள் வழி.

பேபாலில் புகார் கொடுத்தேன். பணம் கட்டியதிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்கலாம். "திருத்தி அனுப்புகிறேன், இன்னும் இரண்டு வாரம்" என்று அவர் இழுத்துக்கொண்டே இருந்தது எதற்கென்று அந்தத் தேதியைப் பார்த்தால் புரியும். படங்கள் இருந்ததால் பேபால் வழியாகப் போன பாதிப் பணம் திரும்பி வந்தது. ரொக்கம் போனது போனதுதான். சிறு வழக்குக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார்கள், ஆனால் அவர் இருக்கும் மாநிலத்தில் போய்ப் போட வேண்டும். 190 டாலருக்கு அது கட்டுப்படியாகாது. தபாலில் வந்த பொருள் என்பதால் அமெரிக்கத் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவில் ஆன்லைனில் புகார் பதிந்திருக்கிறேன். ஒருவர் புகாரில் பெரிதாக எதுவும் நடக்காது. அவரிடமே ஏமாந்த இன்னும் நாலு பேர் எழுதினால் கதை வேறு.

யாரிடமாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், குரோம் பாகங்களை மட்டும் அனுப்புங்கள், பாடியைக் கையை விட்டு விடாதீர்கள். பாடியும் போகிறது என்றால் உட்புறத்தைத்தான் அதிகம் படம் எடுக்க வேண்டும்: ஆலையில் பாகத்தை அச்சிலிருந்து ஊசிகள் வெளியே தள்ளிய வட்டத் தடங்கள், பழைய பசைக் கறை, கீறல். பெயின்ட் அடித்த பிறகும் உட்புறம் பொய் சொல்லாது. சமையலறைத் தராசில் பாடியை மட்டும் கிராமில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசின் பாடி பெரும்பாலும் தடிமனாக வார்க்கப்படுவதால் எடை வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். உள்ளே பெயின்ட் அடிக்கக் கூடாது, கழற்றிய ஒவ்வொரு பாகமும், உடைந்ததானாலும், திரும்ப வர வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

போன மாதம் ஈபேயில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: '62 எலெக்ட்ரா, அசல் ஏ.எம்.டி. பாடி, பெயின்ட் உரித்தது, புதுப்பிக்கத் தயார்'. வெளிப்புறத்தில் ஆறேழு படம், உட்புறத்தில் ஒன்றுகூட இல்லை. கூரையின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை, மறுநாள் விளம்பரத்தையே காணோம். அதுதான் என்னுடையது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் 1962 எலெக்ட்ரா பாடி உங்கள் கண்ணில் பட்டால், கூரைக்கு உள்ளே நட்சத்திரமும் 'ஜே'யும் '62'வும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்க வேண்டாம். விற்கிறவருடைய கணக்குப் பெயரோடு விளம்பரத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.