கல்லூரி நீச்சலில் எந்த அணி வெல்லும்: கணிக்க மூன்று வழிகள்

மட்டக்களப்பில் உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கூடுகிற கூட்டம் அமெரிக்கக் கல்லூரி நீச்சலுக்குக் கூடாது. ஆனாலும் கல்லடியில் எங்களில் சிலர் ஒவ்வொரு மார்ச்சிலும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) முதலாம் பிரிவுச் சாம்பியன்ஷிப்பை விடாமல் பார்க்கிறோம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை 6 மணிக்கு இறுதிப் போட்டி என்றால் இங்கே அதிகாலை மூன்றரை. அதற்கு முன்பே எந்த அணி முதலாவது, எது மூன்றாவது என்று ஆளுக்கு ஆள் எழுதி வைத்துவிடுவோம். அப்படி எழுத மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குள் ஒரு கட்சி உண்டு.

முதலில் புள்ளிக் கணக்கு. தனிநபர் போட்டியில் முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 17, பிறகு 16, 15 என்று இறங்கி எட்டாமிடத்துக்கு 11. ஒன்பதாமிடத்துக்கு 9, பதினாறாமிடத்துக்கு 1. நால்வர் அடுத்தடுத்து நீந்தும் அஞ்சல் நீச்சலில் எல்லாம் இரட்டிப்பு. நீச்சலில் 13 தனிநபர் போட்டிகள், டைவிங்கில் 3, அஞ்சல் 5. கூட்டிப் பார்த்தால் மொத்தம் 4,030 புள்ளிகள், அதில் அஞ்சலுக்கு மட்டும் 1,550. அதனால் நட்சத்திர வீரர்களின் பெயரைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அஞ்சலுக்கு நான்கு நல்ல வேகக்காரர்கள் வேண்டும்.

முதல் வழி சுலபமானது. போன வருடப் புள்ளியை எடு, படிப்பு முடித்துப் போனவர்கள் ஈட்டியதைக் கழி, மிச்சத்தை வைத்து அணிகளை வரிசைப்படுத்து. பெண்கள் பக்கம் இது நன்றாகவே பலித்தது. 2021 முதல் 2025 வரை தொடர்ந்து ஐந்து முறை வர்ஜீனியாதான் சாம்பியன். ஆண்கள் பக்கம் கதை வேறு. 2024இல் அரிசோனா ஸ்டேட் தன் முதல் பட்டத்தை வென்றது. வென்ற கையோடு அதன் பயிற்சியாளர் பாப் போமன் டெக்சஸுக்குப் போனார். அணியின் நட்சத்திர வீரர் லியோன் மார்ஷான் தொழில்முறை வீரரானார். இன்னொரு வீரரான ஹூபர்ட் கோஷ் போமனின் பின்னாலேயே டெக்சஸுக்கு மாறினார். 2025இல் பட்டம் டெக்சஸுக்கு. மாணவர்கள் பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவது இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்தில், போன வருடப் புள்ளி போன வருடத்தைப் பற்றித்தான் பேசும்.

இரண்டாவது வழி, போட்டிக்கு முன் வெளியாகும் சைக் ஷீட். ஒவ்வொரு வீரரும் அந்தப் பருவத்தில் நீந்திய சிறந்த நேரம் அதில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையிலேயே போட்டி முடிந்ததாக வைத்துப் புள்ளி போட வேண்டியதுதான். யார் மாறி வந்தார், யார் புதிதாகச் சேர்ந்தார் என்ற கவலையே இல்லை. எங்களில் பெரும்பாலானோர் இந்தக் கட்சிதான், காரணமும் நியாயமானது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அந்த நேரங்கள் எல்லாம் ஒரே நிலையில் நீந்தியவை அல்ல. பெரிய போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பதை டேப்பர் என்கிறார்கள். நடுத்தர அணியில் இருக்கும் ஒருவருக்குத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறுவதே போராட்டம். அவர் பெப்ரவரியிலேயே டேப்பர் எடுத்து, உச்ச நேரத்தை அங்கேயே நீந்திவிடுவார். முன்னணி அணியின் வீரருக்கு அந்த நெருக்கடி இல்லை. பாரமான பயிற்சியின் நடுவில் களைத்த தோளோடு நீந்தினாலும் தகுதி கிடைத்துவிடும், அவர் உச்சத்தை மார்ச்சுக்கு வைத்திருப்பார். பட்டியலில் இருவரும் அடுத்தடுத்து இருப்பார்கள். ஆனால் ஒருவரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை.

எடி ரீஸ் பயிற்சியளித்த காலத்து டெக்சஸ் இதற்குப் பேர்போன அணி. 2015இல் 100 யார் வண்ணத்துப்பூச்சி நீச்சலின் இறுதிப் போட்டியில் எட்டுப் பேரில் ஆறு பேர் டெக்சஸ் வீரர்கள். வென்றவர் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங். அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் மைக்கல் பெல்ப்ஸை முந்தியவர் அவர்தான். மார்ச்சில் இப்படி வேகம் கூடுகிற அணியின் பலத்தைப் பெப்ரவரி நேரம் காட்டாது.

அதனால் நான் மூன்றாவது வழிக்காரன். சைக் ஷீட் புள்ளியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அணியும் முந்தைய வருடங்களில் அந்தப் புள்ளியைவிட எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று பார்த்துத் திருத்துவது. எங்கள் மச்சான் ஒருவர் இதற்கென்றே ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். இடது பக்கம் சைக் ஷீட் புள்ளி, வலது பக்கம் கிடைத்த புள்ளி, நடுவில் சிவப்புப் பேனையால் கூட்டல் அல்லது கழித்தல். பயிற்சியாளர் மாறினால் அந்த அணியின் பழைய பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். அந்தக் கோடு ரொம்ப முக்கியம், ஏனென்றால் டேப்பர் பயிற்சியாளரின் கையில் இருக்கும் விசயம். நடுத்தர அணிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், சைக் ஷீட்டே போதும். முதல் மூன்று இடங்களுக்குத்தான் திருத்தம் தேவைப்படுகிறது.

காலைத் தகுதிச் சுற்று முடியும் வரை பொறுத்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். முதல் எட்டுக்குள் வந்த வீரருக்குக் குறைந்தது 11 புள்ளிகள், சராசரி 14.75. ஒன்பது முதல் பதினாறுக்குள் என்றால் சராசரி 4.625. அதாவது முதல் எட்டுக்குள் வரும் ஒருவர், அடுத்த எட்டுக்குள் வரும் மூன்று பேருக்குச் சமம். ஆனால் பாதிப் போட்டி முடிந்தபின் சொல்வதைக் கணிப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அஞ்சலில் முன்னவர் சுவரைத் தொடும் முன்பே பாய்ந்து தகுதியிழப்பதை எந்த வழியாலும் பிடிக்க முடியாது. 2025இல் ஆண்கள் பக்கம் டெக்சஸ் 490, கலிபோர்னியா 471, இந்தியானா 459. ஓர் அஞ்சல் வெற்றிக்கு 40 புள்ளிகள். அவ்வளவு புள்ளி போயிருந்தால் முதலாவது அணி மூன்றாவதாகிவிடும் அளவுக்கு நெருக்கம்.

“எல்லாம் சரி மச்சான், மறுகா டைவிங்குக்கு என்ன செய்யப் போறாய்?” என்று கொப்பிக்காரர் கேட்டார். சரியான கேள்வி. டைவிங்கில் மணிக்கூடு இல்லை, நடுவர்களின் புள்ளிதான். சைக் ஷீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த 465 புள்ளிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்தியானா போன்ற டைவிங் பலமுள்ள அணிக்கு அது அநியாயம். இங்கே மட்டும் நான் முதல் வழிக்குத்தான் போகிறேன்: போன வருடம் புள்ளி ஈட்டிய டைவர் இந்த வருடமும் அணியில் இருக்கிறாரா என்று பார்த்து, அதே புள்ளியை அவர் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறேன்.