ஒரே முகவரி, நாலு நாட்டுத் தமிழ்: ஃபேஸ்புக் குளோபல் பேஜஸ்

ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு சமையலறைச் சாதன பிராண்டுக்குச் சென்னையிலிருந்து தமிழ்ப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நாலு நாட்டுப் பக்கங்களிலும் தமிழில் எது வந்தாலும் எது போனாலும் எங்கள் சிறிய அணியைத் தாண்டித்தான் போகும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, நாட்டுக்கு ஒரு தனிப் பக்கம் தொடங்குவதா அல்லது பல நாட்டுப் பக்கங்களை ஒரே பெயரில் இணைக்கும் ஃபேஸ்புக்கின் குளோபல் பேஜஸ் அமைப்புக்குள் போவதா என்றுதான். தயங்காமல் உள்ளே போங்கள் என்பேன். ஆனால் அது மனிதர்களை நாடு பார்த்துத்தான் பிரிக்கிறது என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பிராண்டுக்காரர்களிடம் எடுத்துச் சொல்லிவிடுங்கள். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் கிடைக்கும் நன்மையும் சங்கடமும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஃபேஸ்புக் இதை 2012 அக்டோபரில் கொண்டுவந்தது. அதற்கு முன் நாட்டுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நடத்த வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பதிவையும் எந்த நாட்டுக்குக் காட்டுவது என்று கையால் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். குளோபல் பேஜஸில் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, பின்தொடர்வோர் கணக்கும் எல்லா நாட்டையும் கூட்டி ஒன்றாகவே தெரியும். உள்ளே கவர் படம், அறிமுகக் குறிப்பு, பதிவுகள் எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் அந்த முகவரியைத் திறந்தால் இலங்கைப் பக்கத்துக்குப் போவார், ஈப்போவில் திறந்தால் மலேசியப் பக்கத்துக்கு. தனிப் பக்கம் இல்லாத நாட்டுக்காரர்களுக்குப் பொதுப் பக்கம். வேறு நாட்டுப் பக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று புள்ளி மெனுவுக்குள் பகுதியை மாற்றிக்கொள்ளலாம்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது அட்டைப்பெட்டியில். எங்கள் மிக்ஸி, பிளெண்டர் பெட்டிகளின் பக்கவாட்டில் ஒரே ஒரு க்யூஆர் கோடு அச்சாகியிருக்கும். கொழும்பு புறக்கோட்டையில் விற்றாலும், சிங்கப்பூர் தேக்காவில் விற்றாலும், சென்னை தி.நகரில் விற்றாலும் அதே அச்சுதான். வாங்கியவர் ஃபோனைக் காட்டியதும் அவரவர் நாட்டுப் பக்கம் திறக்கிறது. அங்கே அவர் நாட்டு சர்வீஸ் சென்டர் எண், அவர் நாட்டு வாரண்டி விவரம், அவர் நாட்டு விலை.

விலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவிலும் ரூபாய்தான், இலங்கையிலும் ரூபாய்தான். ஆனால் ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வரும். '4,999 ரூபாய் மட்டுமே' என்று தமிழில் ஒரு விலை அட்டை போடுகிறோம் என்று வையுங்கள். அது எந்த நாட்டுப் பதிவு என்று காட்ட அந்த வரியில் எதுவுமே இல்லை. வவுனியாவில் அதைப் பார்க்கிற ஒரு அம்மா மறுநாள் கடைக்குப் போய் அந்த விலைக்குக் கேட்பார், கடைக்காரர் இல்லை என்பார், இருவருக்கும் மனக்கசப்பு. சிங்களத்தில் எழுதுகிறவர்களுக்கோ இந்தியில் எழுதுகிறவர்களுக்கோ இந்தக் கவலை அநேகமாகக் கிடையாது. மொழி ஒன்றாகவும் நாணயத்தின் பெயர் ஒன்றாகவும் இருக்கிற நமக்குத்தான் நாட்டைப் பிரித்துத் தரும் ஒரு அமைப்பு உண்மையில் தேவைப்படுகிறது.

பிளக் விஷயமும் அப்படியே. இந்தியாவில் உருண்டை பின், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டையான மூன்று பின், இலங்கையும் அந்தத் தட்டைப் பின்னையே தரமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சென்னையில் வாங்கி மகளுக்கு சிங்கப்பூருக்கு எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். 'பின் பொருந்துமா, அங்கே ரிப்பேர் பார்ப்பார்களா' என்று அவர்கள் கேட்கும்போது, சிங்கப்பூர்ப் பக்கத்தின் அறிமுகக் குறிப்பில் அதற்குப் பதில் தமிழிலேயே இருந்தால் எவ்வளவு நிம்மதி! சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதைச் சொல்லித்தான் அந்த நாலு வரியைப் போட அனுமதி வாங்கினோம்.

இனி சங்கடம். இந்த அமைப்புக்கு இந்தியா முழுவதும் ஒரே சந்தை. ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு, வங்காளம் எல்லாம் எங்கள் இந்தியப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். தமிழ்ப் பதிவைத் தமிழ்நாடு, புதுச்சேரி என்று இடம் குறித்து வரையறுத்துவிடலாமே என்பார்கள். வரையறுத்தால் பெங்களூரில் இருக்கும் தமிழருக்குப் போகாது, மும்பை தாராவியில் இருப்பவருக்குப் போகாது. வரையறுக்காவிட்டால் லக்னோவில் இருப்பவர் கீழே வந்து இது என்ன மொழி என்று கேட்பார். கேட்கட்டும் என்பதே என் நிலைப்பாடு. தாராவியில் இட்லி மாவு அரைக்கும் வீடுகளை விட்டுவிட்டு மிக்ஸிக்குத் தமிழில் விளம்பரம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. தலைமையகத்தோடு வாதாடி, தமிழ்ப் பதிவுகளை நாடு முழுக்கத் திறந்தே வைக்கிறோம். நாடுகளைப் பிரிக்கும் வேலைக்கு இந்த அமைப்புக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். ஒரு நாட்டுக்குள்ளே மொழிகளைக் கவனிக்கும் வேலைக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே அது மாலைப் பண்டிகை: அமாவாசை, லட்சுமி பூஜை, விளக்கு வரிசை. நமக்கு விடியற்காலை: தலைக்கு எண்ணெய், வெந்நீர்க் குளியல், லேகியம், புதுத்துணி, பட்டாசு, பிறகு சுடச்சுட இட்லி. சில ஆண்டுகளில் தேதியே மாறும்; 2018இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. 'இந்தியா' என்று தலைப்பிட்டுத் தலைமையகம் அனுப்பும் ஒரே வாழ்த்து அட்டை மாலை ஆறரைக்கு வெளியானால், நம் வீடுகளில் அதற்குள் பலகாரத் தட்டுகள் அக்கம்பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கும். அதனால் தமிழுக்கு வேறு படம், வேறு நேரம் என்று கேட்டு வாங்கினோம். நேரம் குறித்து வைக்க, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பக்கங்களை நிர்வகிக்கத் தரும் பிசினஸ் சூட்டில் இருக்கும் பிளானர் போதும். அதற்கென்று தனியாகக் காசு கட்டி இன்னொரு செயலி வாங்க வேண்டியதில்லை. வாழ்த்து அட்டை விடியற்காலையில் போய்விடும். சிங்கப்பூர், மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே தனிப் பக்கம் என்பதால் தனி நேரம் வைப்பது சுலபம். ஆனால் விற்பனைக்கு உதவுவது வாழ்த்து அட்டை அல்ல. முறுக்கு மாவுக்கு உளுந்தை வறுத்து அரைப்பது, அதிரசத்துக்கு ஈர அரிசியை இடிக்காமல் மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது, இந்த வீடியோக்களைப் பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் போட வேண்டும். நாள்காட்டியைத் தயாரிக்கிறவர் நம்மவராக இல்லாவிட்டால் அந்தப் பத்து நாள் யாருக்கும் தோன்றாது.

இலங்கைப் பக்கத்துக்கு வேறு பொறுப்பு. ஏப்ரல் நடுவில் வரும் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவானது. அங்கே வாழ்த்து இரண்டு மொழியிலும், ஒரே படத்தில், ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வடிவமைப்பாளர் இடம் போதவில்லை என்று தமிழைக் கீழே பொடியாக்கி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

படம் என்றால் கவர் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியில் அது 851 பிக்சல் அகலம், 315 உயரம். ஃபோனில் 640க்கு 360. அதாவது கணினிக்கு அளவெடுத்துச் செய்த படத்தின் இரண்டு ஓரமும் ஃபோனில் வெட்டுப்படும். ஆங்கில வாசகம் நடுவில் அடங்கிவிடும். அதே வாசகம் தமிழில் நீண்டு இரு ஓரத்துக்கும் ஓடும், கடைசிச் சொல் பாதியில் நிற்கும். இன்னொன்று: வெளிநாட்டு ஸ்டுடியோவில் தமிழை ஒட்டும்போது ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்றபடி மாற்றி வைத்திருக்க வேண்டும். மாற்றாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு நாட்டுப் பக்கத்துக்கும் தன் கவரைத் தானே ஏற்றும் உரிமை இந்த அமைப்பில் உண்டு. அந்த உரிமையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

பின்னூட்டங்களில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. தலைமையகம் கொடுத்திருக்கும் பதில் தொகுப்பில் ஸ்மூத்தி, சூப், பான்கேக் மாவு பற்றியெல்லாம் அழகான பதில்கள் இருந்தன. எங்கள் பக்கத்தில் வருகிற கேள்வி வேறு. '750 வாட்ஸ் போட்டிருக்கே, ஒரு படி உளுந்து தாங்குமா?' 'ஜார் சூடாகுமா, மாவு புளிக்காம போயிடுமா?' 'தேங்காய் சட்னி நைசா வருமா, இல்ல திப்பி திப்பியா நிக்குமா?' இலங்கையிலிருந்து, கட்டைச் சம்பலுக்குக் காய்ந்த மிளகாய் அரைபடுமா என்று கேட்பார்கள். இவற்றுக்கு 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் வலைத்தளத்தைப் பாருங்கள்' என்று பதில் போட்டால் அந்த வாடிக்கையாளர் அத்தோடு போனார். எங்கள் அணியில் ஒரு அக்கா வீட்டிலேயே அரைத்துப் பார்த்து எழுதுவார்: உளுந்தை இரண்டு தவணையாகப் போடுங்கள், ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள், நடுவில் நிறுத்தி ஓட்டுங்கள், மாவு சூடேறாது. அந்தப் பதில்களை பிசினஸ் சூட் இன்பாக்ஸில் சேமித்து வைத்திருக்கிறோம். ஆனால் அப்படியே ஒட்டுவதில்லை. கேட்டவரை அக்கா, ஐயா, அம்மா என்று பார்த்து, வரியை மாற்றித்தான் அனுப்புகிறோம்.

தடுக்க வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டால் அவை வரும் பின்னூட்டங்களைப் பக்கமே மறைத்துவிடும். 1,000 சொல் வரை எந்த மொழியிலும் தரலாம். தமிழ் எழுத்தில் வரும் வசவுகளுக்கு அது தாராளம். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவர்களிடம் அது திணறுகிறது: ழகரத்துக்கு ஒருவர் இசட், ஹெச் போடுவார், ஒருவர் எல் போடுவார், ஒருவர் ஒய் போடுவார், நெடிலுக்கு ஒரு ஏயா இரண்டு ஏயா என்பது அவரவர் மனநிலை. ஒரே சொல்லுக்குப் பத்து வடிவம் எழுதிவைத்தாலும் பதினோராவது வந்துவிடும். பின்னூட்டம் எழுதியவர் பாராட்டுகிறாரா, குறை சொல்கிறாரா என்று மனதைக் கணித்துச் சொல்கிறோம் என்று ஒரு கட்டணச் செயலி வந்தது. பெயர் வேண்டாம். நம்மவர்களின் தமிங்கிலம் முழுவதையும் அது 'நடுநிலை' என்ற பெட்டிக்குள் தள்ளியது. பாராட்டும் அதற்குள்ளே, மோட்டார் கருகிய புகாரும் அதற்குள்ளே. சந்தாவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் மாலை நேரத்துக்கு ஒரு ஆளை எடுத்தோம். பின்னூட்டம் அதிகம் வருவது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

அணுகல் உரிமைகள் நன்றாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. பதிவு, செய்தி, பின்னூட்டம், விளம்பரம், புள்ளிவிவரம் என்று வேலை வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். மாலை நேர ஊழியருக்குப் பின்னூட்டமும் செய்தியும் மட்டும் போதும். புள்ளிவிவரத்தில் தலைமையகத்துக்கு எல்லா நாடும் தெரியும், நமக்கு நம் பக்கம். இந்தியப் பக்கத்து எண்களில் தமிழின் பங்கைக் காட்ட வேண்டுமானால் பதிவு பதிவாக எடுத்து நாமே கூட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அடுத்த ஆண்டு தமிழுக்கு நிதி கேட்க வேறு ஆயுதம் கிடையாது.

இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு அமைப்பே இல்லை. நாட்டுக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பெயர், பின்தொடர்வோரைச் சேர்ப்பதும் ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து. முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸிலும் அதே கதை. கட்டணச் சந்தா இல்லையென்றால் அங்கே 280 எண்ணிக்கைக்குள் எழுத வேண்டும், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நமக்கு ஐந்து எழுத்தான 'வணக்கம்' அங்கே ஏழு. யூடியூப்பில் ஒரே வீடியோவுக்குத் தமிழ்த் தலைப்பும் விளக்கமும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அது பார்ப்பவரின் மொழி அமைப்பைப் பொறுத்துத் தெரியும். ஃபோனை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் நம் ஆட்கள் கண்ணில் அது படாது.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்கிறேன். குளோபல் பேஜஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் அதை நாமாகப் போய்த் திறந்துவிட முடியாது. பிராண்டின் மெட்டா பிரதிநிதி வழியாகத்தான் அமைக்க வேண்டும், அதாவது கணிசமாக விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும். சென்னையிலும் கோலாலம்பூரிலும் மட்டும் கடை வைத்திருக்கும் புடவை வியாபாரிக்குச் சாதாரணப் பக்கம் இரண்டு போதும். ஐந்தாறு நாடுகளில் விற்கிறவர்கள், அதிலும் இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இருந்தால், கட்டாயம் இதற்குள் வாருங்கள். ஏற்கெனவே நடத்திவந்த நாட்டுப் பக்கங்களையும் உள்ளே சேர்க்க முடியும். தமிழ் வேலையை எடுத்துக்கொள்ளும் அணி மூன்று விஷயங்களைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்: தமிழ்ப் பதிவுகள் இந்தியா முழுவதும் தெரியும், பண்டிகை நாட்களின் தேதியும் நேரமும் நாம் சொல்வதுதான், பின்னூட்டத்துக்குத் தலைமையகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பதில் சொல்லலாம். மூன்றாவதற்குத்தான் அதிகம் இழுப்பார்கள். ஐரோப்பாவில் ஆள் எழுந்து வந்து சரி சொல்வதற்குள் இங்கே ஊறவைத்த உளுந்தை அரைத்து முடித்திருப்பார்கள் என்று சொல்லுங்கள். எங்கள் பிராண்டு அதைக் கேட்டுத்தான் சம்மதித்தது.