கேட்டுக்காக வாங்கிய பெயின்ட் கன்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் வெள்ளிச்சந்தை பக்கம். முட்டம் கடல் அதிக தூரமில்லை. கடற்காற்று வாங்கலாம் என்று லீவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அந்தக் காற்று எங்கள் கேட்டைத் தின்பதைக் கவனிப்பதில்லை. அப்பா ஆசைப்பட்டு, பூவும் சுருளுமாகச் செய்ய வைத்த இரும்புக் கேட். பிரஷ் பிடித்தால் ஒவ்வொரு சுருளுக்குள்ளும் புகுந்து வெளியே வர முழுதாக இரண்டு நாள். பெயின்டரைக் கூப்பிட்டால், "வீடு முழுக்க உண்டுமா? கேட்டு மட்டும்னா பொறவு பாப்பம்" என்பார். அந்தப் பொறவு வந்ததே இல்லை.

அப்படித்தான் 2022 பிப்ரவரியில் கையில் பிடித்து அடிக்கிற மின்சார ஸ்பிரே கன் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை 3,800 ரூபாய். 650 வாட் மோட்டார், 800 மில்லி கப், 1.8 மில்லிமீட்டரிலும் 2.6 மில்லிமீட்டரிலும் இரண்டு நாசில். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த விலையில் வருகிறவை எல்லாம் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான்.

பெயின்டர்கள் வைத்திருக்கும் கம்ப்ரசர் கன் போல இதில் தனி டேங்க் கிடையாது. உள்ளே ஒரு சின்ன டர்பைன் மிக்சி மாதிரி அலறிக்கொண்டு காற்றை முன்னால் தள்ளும். அதில் கொஞ்சம் காற்று ஒரு மெல்லிய டியூப் வழியாகக் கப்புக்குள் போய்ப் பெயின்டை மேலே அழுத்தும். விசையை அமுக்கினால் ஊசி பின்வாங்கி, நாசில் வாயில் பெயின்ட் சிதறும். அழுத்தம் குறைவு, காற்று அதிகம். அதனால் கெட்டிப் பெயின்ட் இதற்கு ஆகாது.

முதல் நாள் எனாமலை டப்பாவில் இருந்தபடியே ஊற்றி அடித்தேன். புள்ளிப் புள்ளியாகத் துப்பியது. மெஷினோடு வந்த சின்னப் புனல் எதற்கு என்று அப்போதுதான் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். புனலை முக்கி எடுத்து, பெயின்ட் நூலாக ஒழுகி அறுந்துபோக எத்தனை செகண்ட் ஆகிறது என்று எண்ண வேண்டுமாம். என் கணக்கில் எனாமலுக்கு லிட்டருக்கு 150 மில்லி டர்பன்டைன், வெளிச்சுவர் எமல்ஷனுக்கு லிட்டருக்கு 200 மில்லிக்கு மேல் தண்ணீர். கலக்கியதை அப்படியே கப்பில் ஊற்றக் கூடாது. அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையில் ஒரு துண்டு கிழித்து வைத்திருக்கிறேன், அதில் வடித்துத்தான் ஊற்றுவேன். டப்பா விளிம்பில் காய்ந்த ஒரு தோல் துணுக்கு போதும், நாசில் அடைத்து அரை மணி நேரம் போய்விடும்.

கப்புக்குள் தொங்குகிற குழாயின் நுனி வளைந்திருக்கும். தரையைப் பார்த்து அடிக்கும்போது வளைவு முன்பக்கம் இருக்க வேண்டும், மேலே பார்த்து அடிக்கும்போது பின்பக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கப்பில் பாதிப் பெயின்ட் கிடக்கும்போதே மெஷின் வெறும் காற்றை ஊதுகிறதே என்று ஒரு மாதம் குழம்பினேன்.

கேட்டுக்குப் பின்னால் பழைய கல்யாண பிளெக்ஸ் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கம்பி இடுக்கு வழியாகப் போகிற பெயின்ட் எல்லாம் மாப்பிள்ளை பெண் முகத்தில் விழுந்தது. அடிக்க ஆன நேரம் 40 நிமிடம்தான். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு முழு நாள், பிளெக்ஸ் கட்டிப் பூட்டுக்கும் கொண்டிக்கும் டேப் ஒட்ட இரண்டு மணி நேரம், கழுவ அரை மணி நேரம். விளம்பரத்தில் அந்த 40 நிமிடத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

தேய்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்கிற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. பழைய கேட்டை உலர்ந்தபடி தேய்த்துத் தூளைக் கிளப்பாமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பது நல்லது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி வேட்டிக் கதை. அது ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. இரண்டு நாளாக மழை இல்லை என்கிற தைரியத்தில் கொல்லைப்புறக் கம்பிக் கதவுக்குப் பச்சை எனாமல் அடித்துக்கொண்டிருந்தேன். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே மேற்குக் காற்றுதான் எங்கள் ஊர் வழியாகவும் போகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. எனாமல் சீக்கிரம் காயாது. பறக்கிற துளி ஈரத்தோடேயே போய் எதிலாவது ஒட்டும். அடுத்த வீட்டு மைனி கொடியிலிருந்து வேட்டியை எடுத்துக்கொண்டு மதில் ஓரம் வந்து நின்றார். "தம்பி, இது நாளைக்கு அண்ணன் கோயிலுக்கு உடுக்க வச்சிருந்ததாக்கும். கொஞ்சம் பாருங்க." கொசு கடித்தது போல ஊசிமுனைப் பச்சைப் புள்ளிகள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டர்பன்டைனில் நனைத்துப் பார்த்தேன், புள்ளிகள் மங்கிய இடத்தில் வெள்ளையும் பழுப்பானது. அன்று சாயந்திரமே நாகர்கோவில் போய்ப் புது வேட்டி வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு வெளிவேலை என்றால் காற்று எழும்புவதற்கு முன்னால், காலை ஒன்பது மணிக்குள்தான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நடுவில் கோடைமழை வேறு. கிறிஸ்துமஸுக்குள் வீட்டைப் புதுசாக்க வேண்டும் என்று எல்லாரும் நவம்பரில் துடிப்பார்கள், சுவரோ ஈரத்தில் ஊறிக் கிடக்கும். எனக்குத் தோதுப்பட்டது ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் வெயிலிலும் ஒருமுறை கெடுத்திருக்கிறேன். டர்பைன் காற்றே சற்றுச் சூடாக வரும், கம்பியும் கொதிக்கும். பெயின்ட் போய் ஒட்டுவதற்குள் பாதி காய்ந்து, தடவினால் மணல் மாதிரி இருந்தது.

மெஷின் தன் விலையைத் திருப்பிக் கொடுத்தது மதிலில்தான். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் பலாமரம் சாய்ந்து இடிந்துபோன மதிலைக் கட்டியபோது, கொத்தனார் சொரசொரப்பாகப் பூசிவிட்டுப் போனார். அந்தக் குழிகளுக்குள் ரோலரும் நுழையாது, பிரஷ்ஷும் ஒரே சுவரில் தேய்ந்துவிடும். 2.6 நாசிலைப் போட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை. குழிக்குள் எல்லாம் நிறம் போய் உட்கார்ந்தது. நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கப் காலியாகும் என்பதுதான் தொல்லை. நிரப்பிய மெஷின் மூன்று கிலோ பக்கம் வரும், சாயந்திரம் சோற்றை உருட்டக் கை எழவில்லை. ஜன்னல் லூவர், பிரம்பு நாற்காலி, மோட்டார் ஷெட்டின் தகரம் எல்லாவற்றுக்கும் இது தோதுதான்.

ஆள் குடியிருக்கிற வீட்டின் உள்சுவருக்கு வேண்டாம். கட்டில், பீரோ, ஃபேன், தரை எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடியும் மூன்றாம் நாள் டிவி மேல் விரலை ஓட்டினால் வெள்ளைத் தூள். ரோலர் அதைவிட சீக்கிரம் முடிக்கும். காலி வீட்டின் சீலிங் என்றால் வேறு விஷயம். எனாமலை மூடிய அறையில் அடிக்கவே கூடாது, அந்தப் புகை தீப்பிடிக்கும். ஒருநாள் அடுக்களை ஜன்னலுக்கு அடிக்கப் போய், உள்ளே அடுப்பு எரிவதைப் பார்த்துவிட்டு மெஷினைக் கீழே வைத்தேன். துணி மாஸ்க் இதற்குக் காணாது, பெயின்ட் புகையை வடிகட்டுகிற கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

முன்வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தது என் அதிகப்பிரசங்கித்தனம். சட்டத்தின் ஓரங்களில் எல்லாம் வடிந்து கண்ணீர் கண்ணீராக நின்றது. பார்க்க வந்த ஆசாரி மூப்பர் கதவைத் தடவிவிட்டு, "மக்கா, நல்ல ஆஞ்சிலியாக்கும். துணிய வச்சுத் தேய்க்கிய சோலிய மிசினு செய்யுமா?" என்றார். திரும்பச் சுரண்டித் தேய்க்க அவருக்குக் கொடுத்த கூலியையும் மெஷின் விலையோடுதான் சேர்க்க வேண்டும்.

வாங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. கேட்டின் நிலவரம் இது. முதல் தடவை, துரு பிடிக்காமல் இருக்க நிறத்துக்கு அடியில் பூசுகிற ரெட் ஆக்சைடு பிரைமரையும் கன்னிலேயே அடித்தேன். இரண்டாவது மழைக்காலம் முடியும் முன் கீழ்ப்பட்டையிலும் வெல்டிங் மூட்டுகளிலும் துரு கொப்புளம் போட்டது. நேரம் போதாமல் பிரஷ்ஷால் பிரைமர் வைத்து முடித்த ஒரு கதவின் கீழ்ப்பாதி மட்டும் அப்படியே நின்றது. பிரஷ் பிரைமரைத் துருக்குழிக்குள் அமுக்கித் தேய்க்கிறது, கன் மேலே தூவிவிட்டுப் போகிறது. இப்போது கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, பிரைமரைப் பிரஷ்ஷால் இழைத்து, அது காய்ந்தபின் நிறத்தை மட்டும் கன்னில் மெல்லிசாக இரண்டு கோட் அடிக்கிறேன். 2024 ஜனவரியில் அப்படி அடித்தது இன்னும் கொப்புளிக்கவில்லை.

மெஷினுக்கும் வயதாகிறது. லாக்கர் பெயின்டைக் கரைக்கிற காட்டமான என்சி தின்னரில் கழுவினால் பளிச்சென்று ஆகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கழுவினேன், கப்பின் ரப்பர் வளையம் உளுந்தவடை மாதிரி உப்பிவிட்டது. சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போட்டிருக்கிறேன், தண்ணீர்ப் பெயின்டுக்கு ஓடுகிறது. கப்பைச் சாய்த்து வைத்ததில் காற்று டியூபுக்குள் பெயின்ட் ஏறி, உள்ளே இருக்கிற நகக்கண் அளவு வால்வு ஒட்டிக்கொண்டது. கழற்றிக் கழுவியபின் சரியானது. பின்னால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று உண்டு, அதைக் கழுவாவிட்டால் தான் தூவிய புகையைத் தானே இழுத்து அப்பளமாகிவிடும். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் மட்டும் கொட்டாதீர்கள்.

ஒருமுறை இரவல் கொடுத்தேன். ஊசியோடு நாசில் சேர்ந்து இறுகி, "நல்லா கழுவியாச்சு" என்ற வார்த்தையோடு திரும்பி வந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன்.

இப்போது கப்பின் மரையில் ஒரு கீறல். விற்ற கடைக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், ஸ்பேர் வரும் என்கிறார்கள். தை பிறந்ததும் கிணற்றுத் தூணுக்கும் கம்பி வலைக்கும் அடிக்க வேண்டும். அதற்குள் கப் வராவிட்டால் பிரஷ்தான்.