ஹோப்ஃபுல்லியும் கியலும்: ஆங்கில வினையடைகளை ஐரிஷ் பக்கம் நிறுத்திப் பார்த்தால்

ஆங்கிலத்தில் சில வினையடைகளுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஹோப்ஃபுல்லி, பிரசென்ட்லி, மொமென்டரிலி, குவைட், லிட்டரலி எல்லாம் அந்த ரகம்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்; சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதே வேலையை ஐரிஷ் மொழி எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது வசதி, எது வம்பு என்று கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. (ஐரிஷ் உச்சரிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். இங்கே தமிழில் எழுதியிருப்பது தோராயமான ஒலிதான்.)

முதலில் ஹோப்ஃபுல்லி. ‘அவள் ஹோப்ஃபுல்லி கடிதத்தைப் பிரித்தாள்’ என்றால் நம்பிக்கையோடு பிரித்தாள். இது பழைய பொருள். ‘ஹோப்ஃபுல்லி, நாளை மழை வராது’ என்றால் மழை ஒன்றும் நம்பிக்கையோடு வராமல் இருக்கப்போவதில்லை; பேசுகிறவர்தான் நம்புகிறார். இந்த இரண்டாவது பயன்பாடு 1960-களில் பரவலானபோது அமெரிக்க இலக்கணக் காவலர்கள் கொதித்துப்போனார்கள். ‘நம்புவது யார், சொல்லுங்கள்’ என்பது அவர்கள் வாதம். செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு 2012 ஏப்ரலில்தான் இதற்குக் கதவைத் திறந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபிராங்க்லி (வெளிப்படையாகச் சொன்னால்), மெர்சிஃபுல்லி (நல்லவேளையாக) போன்றவை அதே வேலையைக் காலங்காலமாகச் செய்துவந்தன. அவற்றை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஐரிஷில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. நம்பிக்கையோடு ஒன்றைச் செய்தால் ‘க தோஹஸஹ்’. பெயரடைக்கு முன்னால் ‘க’ என்ற சிறு இடைச்சொல்லை வைத்தால் வினையடை தயார். மழை வராது என்று நம்பினால் அதற்கு வினையடையே கிடையாது, ‘தா ஸூல் அகம்’ என்று முழு வாக்கியமாகவே சொல்ல வேண்டும். ஸூல் என்றால் கண். எதிர்பார்ப்பு என்றும் பொருள். அகம் என்றால் ‘என்னிடம்’. ஐரிஷில் ‘வைத்திருத்தல்’ என்பதற்குத் தனி வினைச்சொல் இல்லை, ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். ‘எனக்கு நம்பிக்கை இருக்கு’ என்று பேசுகிற நமக்கு இந்த அமைப்பு அந்நியமாகவே படாது. நாங்கள் நம்புகிறோம் என்றால் அகம் போய் அகின் வரும். ஆக, நம்புவது யார் என்ற கேள்விக்கு வாக்கியத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு: ‘லெ கூனவ் ஜே’, அதாவது கடவுளின் துணையோடு. கோவிலுக்கே போகாதவரும் நம் ஊரில் ‘கடவுள் புண்ணியத்துல’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. இதில் நம்புகிறவர் யாரென்று சொல்ல வேண்டாம், பொறுப்பு மேலே போய்விடுகிறது.

துல்லியம்தான் அளவுகோல் என்றால் ஐரிஷ் ஜெயிக்கிறது. ஆனாலும் நான் ஹோப்ஃபுல்லி பக்கம்தான். நம்புவது யாரென்று சொல்லாமல் விடுவதுதான் அந்தச் சொல்லின் பயனே. ‘பணம் ஹோப்ஃபுல்லி வெள்ளிக்கிழமை வந்துவிடும்’ என்று அலுவலகக் கடிதம் எழுதுகிறவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை, யாரையும் மாட்டிவிடவும் இல்லை. பழைய பொருள் வேண்டுமென்றால் வினைக்குப் பக்கத்தில் வைக்கலாம், புதியது வேண்டுமென்றால் வாக்கியத் தலைப்பில் வைத்துக் காற்புள்ளி போடலாம். குழப்பம் வருவது அபூர்வம்.

பிரசென்ட்லி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்காரருக்குப் பெரும்பாலும் அது ‘சற்று நேரத்தில்’. அமெரிக்கருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் ‘இப்போது’. ‘மேலாளர் பிரசென்ட்லி இருப்பார்’ என்ற வகை வாக்கியத்தைக் காலம்காட்டும் வினை காப்பாற்றும். வினையில்லாத குறிப்புகளில் மாட்டிக்கொள்வோம். பழைய பொருள் ‘இப்போது’தான். அது ‘உடனே’ ஆகி, ‘உடனே’ நீர்த்துப்போய் ‘கொஞ்ச நேரத்தில்’ ஆனது. ஆங்கிலத்தில் இந்தச் சரிவு புதிதல்ல. இன்றைய சூன் என்பதன் பழைய ஆங்கில மூலத்துக்கு ‘உடனே’ என்றுதான் பொருள். அனான் என்ற பழஞ்சொல்லும் அப்படியே வழுக்கியது. மனிதர்கள் சொன்ன நேரத்துக்கு வராததன் வரலாறு இந்தச் சொற்களில் பதிந்திருக்கிறது. வீட்டில் சட்டையைத் தேடிக்கொண்டே போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அதேதான்.

இங்கே ஐரிஷைப் பாராட்டலாம் என்று போனால் அது காலை வாருகிறது. ‘இப்போது’ என்பதற்கு ‘அனிஷ்’, ‘தற்சமயம்’ என்பதற்கு ‘ஃபீ லாஹிர்’ என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது, சரி. ஆனால் ‘எர் பால்’ என்று ஒன்று உண்டு. எதிர்கால வினையோடு வந்தால் ‘கொஞ்ச நேரம் கழித்து’. இறந்தகால வினையோடு வந்தால் ‘கொஞ்ச நேரத்துக்கு முன்னால்’! பிரசென்ட்லியாவது இப்போதுக்கும் பிறகுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது. இது முன்னும் பின்னும் பாய்கிறது. ஆனாலும் ஐரிஷ்காரர்கள் இதில் திணறுவதில்லை. ஐரிஷ் வாக்கியத்தில் வினை முதலில் வரும், ‘எர் பால்’ காதில் விழுவதற்குள் காலம் முடிவாகியிருக்கும்.

மொமென்டரிலி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் ‘ஒரு கணம் மட்டும்’, அமெரிக்காவில் ‘ஒரு கணத்தில்’. விமானம் மொமென்டரிலி தரையிறங்கும் என்று அமெரிக்க விமானி அறிவித்தால், ஒரு கணம் மட்டும்தான் நிற்குமா, இறங்க நேரம் போதுமா என்று பிரிட்டிஷ் பயணி கேட்பதாகப் பழைய நகைச்சுவை. இரண்டு நாட்டாரும் படிக்கிற கடிதமென்றால் பிரசென்ட்லி, மொமென்டரிலி இரண்டையும் விட்டுவிடுங்கள்.

குவைட் இன்னும் ஆபத்து, ஏனென்றால் குழப்பம் நடந்ததே தெரியாது. ‘குவைட் குட்’ என்று அமெரிக்கர் சொன்னால் நிஜமான பாராட்டு. அதையே லண்டன்காரர் சொன்னால் பல சமயம் ‘பரவாயில்லை’ என்றுதான் அர்த்தம். அதே லண்டன்காரர் ‘குவைட் இம்பாசிபிள்’ என்றால் முற்றிலும் முடியாது என்று பொருள். அடுத்து வருவது ஏற்ற இறக்கம் உள்ள பண்பா, ஆம்-இல்லை வகையா என்பதைப் பொறுத்துச் சொல் எடை மாறுகிறது. இதற்கு எதிரில் ஐரிஷின் ‘க லோர்’ நிற்கிறது: ‘போதுமான’ என்றும் பொருள், ‘ஏராளமாக’ என்றும் பொருள். இரண்டாவது பொருளோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்ததுதான் கலோர். ஆங்கிலத்திலும் அது ஐரிஷ் வழக்கப்படி பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. ‘மஹ் க லோர்’ என்றால் ‘நல்லாத்தான் இருக்கு’. ஒரு ஆளைப் பற்றி அப்படிச் சொன்னால் ‘லேசாக ஏறியிருக்கிறது’ என்றும் ஆகும். இந்தப் போட்டியில் இரண்டு மொழியும் சமம்.

‘சொன்னது சொன்னபடியே’ என்று பொருள்படும் லிட்டரலியை மிகைக்குப் பயன்படுத்துவது இக்காலத்துப் பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளை 1909-லேயே ஏற்றிவிட்டது. இதற்கு மேல் அழுவதில் பயனில்லை.

கடைசியாக சென்ஸ். ஆங்கிலம் புலன், புத்தி, பொருள் மூன்றையும் இந்த ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறது. அதனால்தான் சென்சிப்ளி என்ற வினையடை பழைய அறிவியல் எழுத்தில் ‘புலனுக்குத் தெரியும் அளவில்’ என்றும், இன்று ‘புத்திசாலித்தனமாக’ என்றும் நிற்கிறது. ஐரிஷ் மூட்டையைப் பிரிக்கிறது. ஐம்புலனில் ஒன்று என்றால் கேத்ஃபா. புத்திக்கும் பொருளுக்கும் சேர்த்துக் கியல். பொருளுக்கு மட்டும் ப்ரீ என்று இன்னொன்று, ஆனால் அதற்கு வலு, சாரம் என்ற பொருளும் உண்டு. பெயரடையாக்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: கியல்வர் என்றால் விவேகமுள்ளவர், ப்ரீவர் என்றால் துடிப்பானவர்.

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்க கியல், ப்ரீ இரண்டில் எதையும் போடலாம். புதிதாகக் கற்கிறவருக்கு நான் ப்ரீயைத்தான் சொல்வேன், புத்தி பக்கம் சாயாது. ஆனால் ‘பொருள்படுகிறது’ என்ற வினைச்சொல் கியலிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் கியலைத் தவிர்த்து வெகுதூரம் போக முடியாது. தவிர, வாழ்க்கை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வயதுக்கு முன்னால் கியல் வராது என்று பழமொழி உண்டு. அடிபட்டுக் கற்றதை ‘விலைக்கு வாங்கிய கியல்’ என்பார்கள், நம் பட்டறிவுதான். ‘கியலுக்குள் வைப்பது’ என்றால் புரியவைப்பது, ஆனால் அதையே ‘குர் இ கேல்’ (கேல் என்பது கியலின் திரிந்த வடிவம்) என்று பெயர்ச்சொல்லாக்கினால் பாசாங்கு, வெளிவேஷம். தெரு முழுக்கப் பந்தா காட்டுகிறவரைப் பற்றிப் பேச இந்தச் சொற்றொடர்தான் உதவும். ப்ரீயை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது.