சித்தூர் கோர்ட் எதிரில் மலையாளம்–தமிழ் மொழிபெயர்ப்புக் கடை: என் அனுபவம்

பாலக்காட்டுச் சித்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்பக்கம் ஒரு அக்கா மலையாளக் காகிதங்களைத் தமிழில் டைப் செய்து தருகிறார். கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வழக்குக் கட்டோடு அலைகிறவர்கள் முதலில் இங்கே போங்கள்.

என் தம்பிக்கு அடிதடி வழக்கில் இரண்டு வருடத் தண்டனை. எங்கள் வீட்டில் எல்லோரும் மலையாளம் பேசுவோம், வாசிக்கத் தெரியாது. அப்பீலுக்கு முன்னால் தீர்ப்பிலும் வழக்குக் காகிதங்களிலும் என்னதான் எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். 31 பக்கம், பக்கத்துக்கு 70 ரூபாய்.

ஐந்தாம் நாள் போனேன். மஹஸரின் (சம்பவ இடத்தில் பார்த்ததையும் எடுத்ததையும் போலீஸ் எழுதும் பதிவு) மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்கு அக்கா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். டீக்கடை கேமராவின் டி.வி.ஆர் (காட்சிகளைப் பதியும் பெட்டி) ஒன்றைப் போலீஸ் எடுத்துக்கொண்டதாக அந்த வரி சொன்னது. "தீர்ப்போட கடைசியில தொண்டி லிஸ்ட், அதான் கோர்ட்ல காட்டின பொருட்களோட லிஸ்ட், இருக்கு. அதுல இந்தப் பெட்டியைக் காணோம். வக்கீல்கிட்ட கேளுங்க தம்பி" என்றார். சண்டை நடந்ததே அந்த டீக்கடை வாசலில்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தேன் என்று தம்பி முதல் நாளிலிருந்து சொல்கிறான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பாலக்காடு செஷன்ஸ் கோர்ட்டில் வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். பெட்டி எங்கே என்று கேட்டால், பதிவு அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. வாரணாசி ஹோட்டல் கொலை வழக்கில் இரண்டு இத்தாலியர்களை உச்ச நீதிமன்றம் 2015இல் விடுதலை செய்ததை அவர் எடுத்துக் காட்டினார். ஹோட்டல் கேமரா பதிவை அரசுத் தரப்பு கொண்டுவராதது அந்த விடுதலைக்கு ஒரு முக்கியக் காரணம். கையிலிருந்த ஆதாரத்தைக் காட்டாவிட்டால், அது காட்டாதவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று கோர்ட் கருதலாம். பழைய சாட்சியச் சட்டம் 114(ஜி) அதற்கு இடம் தந்தது. கருதலாம் என்றுதான் இருக்கிறது, கருதியே ஆக வேண்டும் என்றில்லை. அதனால் தீர்ப்பு வரும்வரை வீட்டில் யாரும் தூங்கவில்லை. அரசுத் தரப்பு தான் பயன்படுத்தாத ஆவணங்கள், பொருட்களின் பட்டியலையும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வந்ததே இல்லை.

தம்பி விடுதலையாகி வந்துவிட்டான்.

சரி, கடையின் குறைகள். மூன்று நாள் என்று சொல்லி ஐந்து நாள் ஆக்கினார். எங்கள் வீட்டுப் பெயர் இரண்டு விதமாக வந்திருந்தது. காசு வாங்காமல் திருத்தித் தந்தார். இந்தத் தமிழ்ப் பிரதி நாம் படித்துப் புரிந்துகொள்ள மட்டும், கோர்ட்டில் கொடுக்க ஆகாது. மதிய இடைவேளையில் கூட்டம், காலையிலேயே போய்விடுங்கள். மஹஸரையும் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.